செவன் சிஸ்டர்ஸ் விளிம்பில் குடும்பத்தோடு நடக்கலாமா?

செவன் சிஸ்டர்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்கரையில், சஸ்ஸெக்ஸில், கடலோரமாக வரிசையாக நிற்கும் ஏழு வெள்ளைப் பாறை முகடுகள். அங்கே போவதைப் பற்றி வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் ஒருவர் கேட்டது இது: "ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அப்பாவுக்கு 70, தினமும் நடப்பவர். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகள் 8 வயது, 5 வயது. எல்லோரையும் செவன் சிஸ்டர்ஸ் கூட்டிப்போக ஆசை. ஆனால் விளிம்பில் வேலியே கிடையாது, ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள் என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?"

போகலாம். ஆனால் ஐந்து பேரும் ஒரே பாதையில் போகவேண்டியதில்லை. பயப்படவேண்டிய இடமும் நீங்கள் நினைக்கிற இடம் மட்டுமல்ல. மேலே விளிம்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கீழே கடற்கரையில் நிம்மதியாகப் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேயும் அதே அளவு ஆபத்து உண்டு. பத்துப் பதினைந்து வருடமாக அந்தப் பக்கம் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாறை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் பாதி எச்சரிக்கைகளை யாரும் சொல்லவேண்டாம், நமக்கே தோன்றிவிடும்.

நம்மூரில் பாறை என்றால் கருங்கல். செஞ்சிக் கோட்டை உச்சியின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால்கூடப் பாறை அப்படியே இருக்கும்; நாம் வழுக்கினால்தான் உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான் நம் ஆட்கள் சஸ்ஸெக்ஸ் கடற்கரைக்கு வருகிறார்கள். இங்கே இருப்பது சுண்ணப்பாறை. பழைய காலத்துச் சாக்பீஸின் மூலப்பொருள். சுமார் 8.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணிய பாசி உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உருவானது. நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கையோடு வரும். மழைத்தண்ணீரைக் குடிக்கும், குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து உள்ளுக்குள் பிளக்கும். அடியில் அலை அரித்துக்கொண்டே இருக்கும். அடி போனதும் மேலே உள்ளது செங்குத்தாக, பாளம் பாளமாக இறங்கிவிடும்.

அந்தப் பாறைச்சுவர் ஏன் அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கடல் தொடாத சுண்ணச் சரிவில் புல்லும் செடியும் பிடித்து, கொஞ்ச காலத்தில் பச்சையாகிவிடும். வெள்ளையாக இருக்கிறது என்றால், புல் முளைக்க நேரம் கொடுக்காமல் இடிந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். நாம் ரயில் ஏறிப் பார்க்கப்போகும் அழகே அந்த இடிபாடுதான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "விளிம்புக்குப் போகாதே" என்று நூறு தடவை கத்துவதைவிட இது நன்றாகப் பதியும்.

எவ்வளவு வேகமாக இடிகிறது? ஏழு முகடுகளுக்குக் கிழக்கே பீச்சி ஹெட், மேற்கே ஹோப் கேப் ஆகிய இரண்டு இடங்களிலும், கீழே கடற்தளத்தில் கிடக்கும் சக்கிமுக்கிக் கற்களில் உள்ள பெரிலியம்-10 அணுக்களை (பாறை எவ்வளவு காலமாகத் திறந்து கிடக்கிறது என்று காட்டுபவை) அளந்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. பல ஆயிரம் ஆண்டுகளாக வருடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை பின்வாங்கிக்கொண்டிருந்த பாறை, கடந்த 150 ஆண்டுகளில் வருடத்துக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் என்று ஆகிவிட்டது என்பது அதன் முடிவு. ஆனால் இந்தச் சராசரியை நம்பி ஏமாறவேண்டாம். வருடத்துக்கு ஒரு சாண் என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டு அது விழுவதில்லை. பத்து வருடம் அசையாமல் நிற்கும், பிறகு ஒரே இரவில் பல மீட்டர் போய்விடும். 1999 ஜனவரியில் பீச்சி ஹெட்டில் ஒரு பெரிய பகுதி சரிந்து, இடிபாடு கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கடலுக்குள் நீண்டு கிடந்தது. 2001-ல் 'டெவில்ஸ் சிம்னி' என்ற புகழ்பெற்ற தூண்பாறை சரிந்தது. 2013-14 குளிர்காலப் புயல்களில், ஏழு முகடுகளும் கிழக்கே முடியும் பெர்லிங் கேப்பில் ஏழு வருட அரிப்பு இரண்டே மாதத்தில் நடந்துவிட்டது என்று அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் சொன்னது. அங்கே வரிசையாக இருந்த கடலோரக் காவலர் வீடுகளில் ஒன்றை அந்த 2014-லேயே பிரித்தெடுக்கவேண்டி வந்தது. மிச்சமிருக்கும் வீடுகளை நீங்களே பார்ப்பீர்கள்; வரிசையைக் கத்தியால் வெட்டிய மாதிரி கடல் பக்கம் முடியும்.

இன்னொன்றும் உண்டு. பெர்லிங் கேப்புக்குக் கிழக்கே மேட்டில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999-ல் அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்து, தண்டவாளம் போட்டு, 17 மீட்டர் உள்ளே தள்ளிவைத்தார்கள். ஒரு கட்டடமே விளிம்பிலிருந்து 17 மீட்டர் விலகிப்போன ஊரில் நாம் ஒரு மீட்டரில் நின்று செல்ஃபி எடுக்கலாமா?

சரி, எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? நான் வைத்திருக்கும் கணக்கு பத்து மீட்டர். ஒரு பேருந்தின் நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இது அதிகம் என்று உங்கள் அப்பா சொல்வார். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: விளிம்பில் நிற்கும்போது நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. அடி அரித்துப்போய் மேலே ஒரு சாண் மண்ணும் புல்லும் மட்டும் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. மேலே நிற்பவருக்கு அது புல்தரை. கக்மியர் ஆற்றின் எதிர்க்கரையில் ஹோப் கேப்பிலிருந்து பார்ப்பவருக்குத்தான் அவர் காற்றின்மேல் நிற்பது தெரியும். நான் ஒருமுறை அங்கிருந்து பைனாகுலரில் பார்த்தபோது, ஒரு ஜோடி அப்படி ஒரு நீட்டலில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கத்தினாலும் கேட்காத தூரம். அவர்கள் எழுந்து போகும்வரை எனக்கு டீ இறங்கவில்லை. புல்லில் விளிம்புக்கு இணையாக ஒரு கோடு, ஒரு வெடிப்பு தெரிந்தால் அதன் கடல் பக்கம் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. வெடிப்பு தெரியவில்லை என்பதால் வெடிப்பு இல்லை என்றும் ஆகாது. முயல் வளைகள் வேறு எங்கும் உண்டு, கால் இடறும்.

2017-ல் இங்கே சுற்றிப்பார்க்க வந்த ஒரு இளம்பெண், விளிம்பில் குதிப்பது மாதிரிப் படம் எடுக்கும்போது விழுந்து இறந்தார். அந்த இடத்தில் பாறை இடியவில்லை. குதித்து இறங்கியபோது கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். படம் எடுக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். எடுப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்வார், நிற்பவர் சிரித்துக்கொண்டு பின்னால் நகர்வார். நல்ல படம் வேண்டுமென்றால் விளிம்பில் நின்று எடுக்கவே கூடாது. அங்கிருந்து பாறைச்சுவர் தெரியாது, வெறும் கடல்தான் தெரியும். நீங்கள் பார்த்த அந்தப் புகழ்பெற்ற படம், முன்னால் குடிசை மாதிரி வீடுகள், பின்னால் ஏழு வெள்ளை முகடுகள், அது எதிர்க்கரையிலிருந்து எடுத்தது. உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லப்போவதும் அந்த இடத்தைத்தான்.

வேலி ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். போட்டால் சில வருடத்தில் வேலியே கடலுக்குள் போய்விடும். அதற்கும் மேல், வேலி இருந்தால் அதில் சாய்ந்து நிற்பார்கள். நாட்டின் கடலோரப் பாதைகள் பலவும் இப்படித்தான்: எச்சரிக்கைப் பலகை இருக்கும், புத்தி நம்முடையது. பெர்லிங் கேப்பில் மட்டும் தடுப்பு உண்டு. அது அவ்வப்போது உள்ளே தள்ளிப் போடப்படும். அதைத் தாண்டி யாராவது நின்றால், அவர் நின்றதால் அது பத்திரமான இடம் என்று எண்ணிவிடாதீர்கள். சனி ஞாயிறில் எப்போதும் யாராவது நிற்பார்கள்.

இனிக் கடற்கரை. எனக்கு உண்மையில் கவலை இதில்தான்.

சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாள்களில்கூடச் சுமார் ஒரு மீட்டர்தான். மெரினாவில் உட்கார்ந்தவர் யாரும் கடலேற்ற நேரம் பார்த்து உட்கார்ந்ததில்லை. மீனவர்களுக்கும் துறைமுகத்துக்காரர்களுக்கும் தவிர வற்றும் பெருக்கும் நம் அன்றாடக் கணக்கில் கிடையாது. இங்கே, பக்கத்துத் துறைமுகமான நியூஹேவனில், அதே நாள்களில் கடல் சுமார் ஆறு மீட்டர் ஏறும். இரண்டு மாடி உயரம், ஆறு மணி நேரத்துக்குள். காலையில் ஒரு மைதானம் மாதிரி விரிந்து கிடந்த கற்தளம் மதியம் காணாமல் போய், அலை நேராகப் பாறைச்சுவரில் அடிக்கும்.

மேற்கு முனையில் கக்மியர் ஆறு கடலில் சேரும் கக்மியர் ஹேவன் கடற்கரைக்கும் பெர்லிங் கேப் படிக்கட்டுக்கும் நடுவில், ஏழு முகடுகளின் அடியில், மேலே ஏற ஒரு வழிகூடக் கிடையாது. நான்கு கிலோமீட்டருக்கு நேர்ச்சுவர். கடல் வற்றியிருக்கும்போது "கீழேயே நடந்து போய்விடலாமே, சமதளமாக இருக்கிறதே" என்று தோன்றும். சமதளம் அல்ல. பாசி படிந்த வழுக்குப் பாறை, உருளும் கற்கள், ஒரு மணி நேரத்தில் போகலாம் என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் மாட்டியவர்களை உயிர்காப்புப் படகு வந்து எடுக்கவேண்டியதுதான். ஐந்து வயதுப் பிள்ளையோடு அந்தக் கீழ்வழியை நினைக்கவே வேண்டாம்.

கடற்கரையில் இறங்குவதே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெர்லிங் கேப்பில் இரும்புப் படிக்கட்டு இருக்கிறது (சில சமயம் மூடியிருப்பார்கள்). இறங்கி, கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் பிள்ளைகளைக் கல் பொறுக்கவிடலாம். ஆனால் பாறைச்சுவரை ஒட்டி உட்காரக் கூடாது. நம் குடும்பங்கள் செய்வது இதைத்தான்: காற்று அடிக்கிறது, புளியோதரை டப்பாவைத் திறக்கவேண்டும், சுவரோரம் காற்று மறைவாக இருக்கிறது, சில நேரம் நிழலும் இருக்கிறது, அங்கே பாய் விரித்துவிடுவார்கள். மேலிருந்து ஒரு சக்கிமுக்கிக் கல் எலுமிச்சை அளவு வந்தால் போதும். அடியில் புதிதாக, பளிச்சென்று வெள்ளையாகக் கற்குவியல் கிடந்தால் அது அண்மையில் விழுந்தது. அதன்மேல் ஏறிப் படம் எடுப்பவர்களும் உண்டு. சுவரை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள். கடல் நெருங்கி அந்தத் தூரம் கிடைக்கவில்லை என்றால் மேலே ஏறிவிடுங்கள். சாப்பாட்டை மேலே புல்வெளியில், விளிம்பைவிட்டு நன்றாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் தட்டு பறக்கும், பரவாயில்லை.

கடலேற்ற நேரத்தை முதல் நாள் இரவே பாருங்கள். அட்மிரால்டியின் ஈஸிடைட் தளத்தில் நியூஹேவன் என்று போட்டால் இலவசமாக வரும். ஒரு சிறு பொறி: சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். ஜூலையில் நம் கைக்கடிகாரம் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், எனவே ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளவேண்டும். எந்த நேரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

இப்போது உங்கள் ஐந்து பேருக்கும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முழு நடை என்பது சீஃபர்ட் ரயில் நிலையத்திலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை, சுமார் 22 கிலோமீட்டர். அது பழகியவர்களின் ஒரு நாள் வேலை; உங்களுக்கு வேண்டாம். அதன் நடுத்துண்டுதான் எக்ஸீட்டிலிருந்து (கக்மியர் ஆற்றுப் பாலத்தருகே உள்ள சிற்றூர்) பெர்லிங் கேப் வரை, சுமார் ஆறு கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டு ஏமாறவேண்டாம். ஏழு முகடுகள் என்றால் ஏழு ஏற்றம், ஏழு இறக்கம். முதலாவதான ஹேவன் ப்ரோதான் உயர்ந்தது, 77 மீட்டர், ஏறத்தாழ 25 மாடிக் கட்டடம். எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் பழனி மலை ஏறி இறங்குவதைவிடக் கூடும், அதுவும் படியில்லாமல், புல் சரிவில். தினமும் நடக்கிறார் என்கிறீர்களே, உங்கள் அப்பா நடப்பது சமதளத்தில்தானே? அவருக்கு மூச்சு ஏற்றத்தில் வாங்கும், கால் இறக்கத்தில் வலிக்கும். ஆனால் முடியும். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டு நிதானமாகப் போங்கள். 8 வயதுப் பிள்ளை ஓடிவிடும். 5 வயதுப் பிள்ளை மூன்றாவது முகட்டில் தூக்கச் சொல்லும். தூக்குபவருக்கு அதற்குமேல் சமநிலை போய்விடும். எனவே சின்னவரை அம்மாவோடு விட்டுவிடுவதுதான் என் யோசனை. பெரியவர்களில் ஒருவர் அவர்களோடு இருக்கட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஏழு முகடுகளும் வேண்டாம். ஏற்றத்தைவிட இறக்கம் முழங்காலை வாங்கிவிடும். அவருக்கு இரண்டு வழி. எக்ஸீட்டிலிருந்து கக்மியர் கடற்கரை வரை சுமார் இரண்டு கிலோமீட்டர், கெட்டித் தளம் போட்ட சமதளப் பாதை, தள்ளுவண்டிகூடப் போகும். ஆறு பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும், நாரைகள் நிற்கும், கடைசியில் கடல். அந்த வளைவுகளில் இப்போது ஆறு ஓடுவதில்லை. 1840-களில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டி ஆற்றை அதில் விட்டுவிட்டார்கள். இல்லையென்றால் கார் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஆற்றின் மேற்குப் பக்கம் சீஃபர்ட் ஹெட்டில் சவுத் ஹில் பார்ன் கார் நிறுத்தம். அங்கிருந்து இருபது நிமிட நடையில் அந்தப் புகழ்பெற்ற காட்சி. ஏழு முகடும் ஒரே சட்டத்தில் தெரிவது அங்கேதான். உண்மையைச் சொன்னால், ஏழு முகட்டின்மேலும் நடப்பவரைவிட எதிரே நின்று பார்ப்பவருக்குத்தான் செவன் சிஸ்டர்ஸ் முழுதாகத் தெரியும். "உங்களுக்குத்தான் நல்ல காட்சி" என்று அம்மாவிடம் சொல்லும்போது அது சமாதானப் பேச்சு அல்ல.

ஒரு விஷயம் மட்டும் கவனம்: அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தாலும் நடுவில் கக்மியர் ஆறு. முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. கடல் வற்றும்போது முழங்கால் அளவுதானே என்று சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. ஆறும் கடலும் இழுக்கும் இடம். உள்ளே எக்ஸீட் பாலம் வரை போய்த்தான் கடக்கவேண்டும்.

திசையைப் பற்றி: எக்ஸீட்டில் தொடங்கிக் கிழக்கே பெர்லிங் கேப் நோக்கி நடந்தால் கடல் எப்போதும் வலது கைப்பக்கம். இங்கே பெரும்பாலும் அடிப்பது தென்மேற்குக் காற்று. முதுகில் தள்ளும், கொஞ்சம் உள்நாட்டுப் பக்கமும் தள்ளும். நமக்கு நல்லதுதான். வானிலையில் வடக்குக் காற்று, வடகிழக்குக் காற்று பலமாக என்று போட்டிருந்தால் அது நம்மைக் கடல் பக்கம் தள்ளும் காற்று. அன்று மாத்திரம் விளிம்பிலிருந்து பத்து மீட்டர் என்பதை முப்பது ஆக்கிக்கொள்ளுங்கள், அல்லது அம்மாவோடு ஆற்றோரப் பாதையில் போய்விடுங்கள். எந்தக் காற்றானாலும் முகட்டில் திடீரென்று ஒரு உதை விழும், பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த உதைக்குச் சாய்ந்து நின்றவர் காற்று நின்றதும் தள்ளாடுவார். குடை எடுத்து வரவே வேண்டாம். மழைக் கோட்டு போதும். அம்மா சேலைதான் கட்டுவேன் என்றால் ஆற்றோரத்தில் பிரச்சினை இல்லை. முகட்டில் முந்தானை பாய்மரம் ஆகிவிடும்.

நடக்கும் ஒழுங்கு ஒன்று: பிள்ளைகள் எப்போதும் நிலத்துப் பக்கம், பெரியவர் கடல் பக்கம். பந்து, பட்டம், பறக்கும் தட்டு எதுவும் பையைவிட்டு வெளியே வரக்கூடாது. தொப்பி பறந்தால் பறந்ததுதான், யாரும் துரத்தக் கூடாது. இதைக் கிளம்பும்போதே ஒருமுறை எல்லோரும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். பறந்த பொருளைத் துரத்தும் அந்த மூன்று விநாடியில் மனிதருக்கு விளிம்பு ஞாபகமே இருக்காது. நாய் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். புறாவைத் துரத்தி நாய் விழும், பின்னாலேயே போய் எட்டிப்பார்க்கிறவரும் விழுவார்.

செருப்பில் வரவேண்டாம். காய்ந்த சுண்ணம் சரளையாக உருளும், நனைந்த சுண்ணம் சோப்பு மாதிரி. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ போதும், விலை உயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் இறக்கங்களில் புல்மேல் நடங்கள், வெள்ளைத் தடத்தின்மேல் அல்ல.

இங்கிலாந்து வெயில்தானே என்று உங்கள் அப்பா தொப்பி போடமாட்டார். எக்ஸீட்டை விட்டால் பெர்லிங் கேப் வரை ஒரு மர நிழல் கிடையாது; காற்று வியர்வையை உடனே காயவைப்பதால் சுடுவதும் தெரியாது, மாலையில்தான் தலைவலி வரும். தண்ணீரும் கழிப்பறையும் இந்த இரண்டு முனைகளில்தான். ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல்மூட்டம் ஒன்று உண்டு. நல்ல வெயில் நாளில்கூட வெள்ளைச் சுவர் மாதிரி கடலிலிருந்து ஏறி வந்து பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடும். வெள்ளை மூட்டம், வெள்ளை விளிம்பு. எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அப்படி வந்தால் முன்னால் போகாதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டிச் சரிவில் உள்ளே நூறு அடி நடந்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் விலகும். விலகாவிட்டால் ஃபோன் வரைபடத்தில் உள்நாட்டுப் பாதையைப் பிடித்து வெளியேறுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளங்களில் சிக்னல் போய்விடும்.

ஏதாவது ஆகிவிட்டால் 999. "கோஸ்ட்கார்ட்", அதாவது கடலோரக் காவல், என்று கேட்கவேண்டும். போலீஸ், ஆம்புலன்ஸ் என்றால் அவர்கள் மறுபடி மாற்றிவிட நேரமாகும். உங்கள் எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று 999-க்கு ஒரு குறுஞ்செய்தி இப்போதே அனுப்பிப் பதிந்து வையுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் குறைவான இடத்திலிருந்து எழுத்தில் உதவி கேட்க முடியும். இன்னொன்று, நம்மவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு: ஹெலிகாப்டர் வந்தால் எவ்வளவு பில் வருமோ என்று. வராது. கடலோரக் காவலரும் உயிர்காப்புப் படகும் மீட்பதற்குப் பணம் கேட்பதில்லை. விருந்தாளியாக வந்த உங்கள் பெற்றோரையும் அப்படித்தான். யாராவது விழுந்ததைப் பார்த்தால் எட்டிப்பார்க்கப் போகாதீர்கள். அழையுங்கள், அங்கேயே இருந்து இடத்தைக் காட்டுங்கள். கீழே கடல் சூழ்ந்து மாட்டிக்கொண்டால் சுண்ணத்தில் ஏற முயலவேண்டாம், கையோடு பெயர்ந்து வரும். நீந்திச் சுற்றவும் வேண்டாம்.

வரும் வழி: லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸில் மாறி சீஃபர்ட், ஒன்றரை மணி நேரம் அளவில். அங்கிருந்து பிரைட்டன்–ஈஸ்ட்போர்ன் 12-ஆம் எண் பேருந்து எக்ஸீட்டில் நிற்கும். காரில் வருவதானால் ஜூலை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் இடம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நடப்பவர்கள் பெர்லிங் கேப்பில் முடித்துவிட்டு, அங்கிருந்து நேரடிப் பேருந்து அன்று இல்லை என்றால், உள்ளே ஈஸ்ட் டீன் கிராமம் வரை இருபத்தைந்து நிமிடம் நடந்தால் அதே 12-ஆம் எண் கிடைக்கும். அப்பாவுக்கு அந்தக் கடைசி இருபத்தைந்து நிமிடத்துக்கும் காலில் தெம்பு மிச்சமிருக்கவேண்டும், அதைக் கணக்கில் வையுங்கள். அம்மாவும் சின்னவரும் எக்ஸீட்டிலேயே காத்திருக்கட்டும், டீ கிடைக்கும்.

பெரிய பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். முகடுகளை எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஏழு என்று பெயர், ஆனால் ஃபிளாக்ஸ்டாஃப் பாயின்ட் தாண்டியதும் ஃபிளாட் ஹில் என்று ஒரு சின்ன மேடு வரும். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்பாவும் பேத்தியோ பேரனோ சண்டை போட்டுக்கொண்டே பெர்லிங் கேப் வந்து சேர்ந்துவிடுவார்கள்.